பிரேக் கம்பியின் இரண்டாவது நட்டு

இன்று காலை பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடிக்கிறவர் பிரஷ்ஷைக் கிருஷ்ணாயிலில் அலசிக்கொண்டிருந்தார். வாடை ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அடித்ததும் காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். எங்கே அந்த வாடை வந்தாலும், நம் சேலையூர் வீட்டு வராந்தாவில் நீங்கள் குந்திக்கொண்டு இரும்பு கழுவுவதுதான் கண்ணில் நிற்கிறது. உங்களை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. இத்தனை வருஷம் கழித்தும் அப்படித்தான்.

அந்த வண்டி உங்களுக்கு எவ்வளவு செல்லம்! ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் உங்களிடம் விட்டுப்போன சீமை மோட்டார் சைக்கிள். எந்த மெக்கானிக்கையும் தொட விடமாட்டீர்கள். "ஊரான் கை பட்டா கெட்டுப்போயிடும்" என்பீர்கள். நம் ஜோயல் காட்டாங்குளத்தூரில் காலேஜ் சேர்ந்ததும் சாவியை அவன் கையில் கொடுத்தீர்கள். ஒரு நாள் சாயங்காலம், "அப்பா, பின் பிரேக் லூசா இருக்குப்பா" என்றான். நீங்கள்தான் இறுக்கிக் கொடுத்தீர்கள். மறுநாள் காலையில் இரும்புலியூர் வளைவில் நம் பிள்ளை லாரிக்கு அடியில் போய்விட்டான்.

லாரிக்காரர் தூங்கினாரா, இவன் வேகமாகப் போனானா, ஒன்றும் தெரியவில்லை. அங்கே டீக்கடை வைத்திருந்தவர் மட்டும் உங்களிடம் சொன்னார்: "பிரேக்கு புடிக்கல போல கீது சார். வண்டி அப்டியே நேரா பூட்ச்சு." பாவம், அவர் கண்டதைச் சொன்னார். அதற்குப் பிறகு யார் சொன்னதும் உங்கள் காதில் ஏறவில்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினீர்கள். "எதுக்குங்க இந்தச் சனியன்? காயலான் கடையில போட்டுத் தொலைங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். "ரிப்பேர் பண்ணணும் ஸ்டெல்லா" என்றீர்கள், அவ்வளவுதான். மகன் நினைவாக வண்டியைப் புதுப்பிக்கிறார் என்று பாஸ்டர்கூட மெச்சிக்கொண்டார். எனக்கல்லவா தெரியும்! நீங்கள் தேடியது உங்கள் கைக் குற்றத்தை.

சக்கரத்தைக் கழற்றினீர்கள், டேங்கைக் கழற்றினீர்கள், எஞ்சினை இறக்கினீர்கள். வராந்தா முழுக்கப் பழைய பேப்பர், பேப்பர் மேலெல்லாம் இரும்பு. துணி வாளியோடு நான் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டவ்வுக்கு வைத்திருந்த ரேஷன் கிருஷ்ணாயிலையும் விடவில்லை நீங்கள். எதிர்வீட்டு அம்மா ஒரு நாள், "சாருக்கு மரை கழண்டுடுச்சாக்கா?" என்று கேட்டே விட்டாள். "கழண்டா எங்க வீட்டு மரைதானே, நீ போய் உன் வேலையப் பாரு" என்று அனுப்பினேன். உள்ளே வந்து நான் அழுததை நீங்கள் பார்க்கவில்லை. ஒரு போல்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் மரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பின் பிரேக் கம்பியின் முனையில் ஒரு நட்டு இருந்தது. இரண்டு இருக்க வேண்டுமாம். முதல் நட்டு தளராமல் இரண்டாவதுதான் பிடித்து நிறுத்துமாம். "லாரி அடிச்ச வேகத்துல தெறிச்சிருக்கும்" என்றேன். "இருக்கலாம்" என்றீர்கள். வேறு எங்கேயும் ஒரு குறையும் கிடைக்கவில்லை உங்களுக்கு.

கறுப்புப் பெயிண்ட் அடித்து, நிக்கல் பூசி, திரும்பப் பூட்டினீர்கள். ஒரு சாயங்காலம் கிக்கரை உதைத்தீர்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தோசைக்கல்லைப் போட்டுவிட்டேன். பிள்ளை வந்துவிட்டான் என்று கைக்குத் தோன்றிவிட்டது. கல் காய்ந்து புகைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கடவுளே, யாருக்கும் வேண்டாம் அந்த நிமிஷம்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஸ்பேனரெல்லாம் போட்டுவைக்கும் சாமான் பெட்டியை நீங்கள் ஒழித்துத் துடைக்கும்போது அடியில் ஒரு சின்ன நட்டு கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள்.

"இதை அன்னைக்கு நான் போடாமலே விட்டுட்டேனா ஸ்டெல்லா?"

"அட, என் தையல் மிஷின் நட்டுங்க அது! நான்தான் எண்ணெய் போடறப்ப அந்தப் பெட்டியில போட்டிருப்பேன்."

மிஷினில் ஒரு நட்டு இல்லாமல்தான் இருந்தது. இதைப் போட்டுத் திருகினேன், பொருந்தியது. நீங்கள் அதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பிரேக் கம்பியில் போட்டுப் பார்த்தீர்கள். அங்கேயும் பொருந்தியது.

"அதுலயும் சேருது, இதுலயும் சேருது" என்றீர்கள். அன்றோடு வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினீர்கள். சாப்பிடும்போதும், கோயிலுக்கு நடக்கும்போதும், "உன் மிஷினோடதுதானே?" என்பீர்கள். எத்தனை முறை ஆமாம் என்றேன்! பெண்டாட்டி பேச்சை நம்பவில்லை நீங்கள், இரும்பை நம்பினீர்கள். என் கோபம் அதுதான். எனக்கும் அவன் பிள்ளைதான். எனக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அழ.

தொண்ணூறுகளில் உங்கள் நெஞ்சு பலவீனப்பட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேச்சு வராமல் இருந்தவர் திடீரென்று என் கையைப் பிடித்தீர்கள்.

"நம்ம ஜோயல் மேல சத்தியமா சொல்லு. அது உன் மிஷின் நட்டுதானா?"

சத்தியம் செய்யக் கூடாது என்று வேதத்தில் படித்து வளர்ந்தவள் நான். "எம்புள்ள மேல சத்தியமா என் மிஷினோடதுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, "சரிம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள். அந்த "சரிம்மா"வை வாங்க எனக்கு அத்தனை வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். நீங்கள் போன பிறகு வண்டியை ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நட்டை மிஷினிலேயே திருகி வைத்தேன். ஆனால் ஒரு நாள் ஜாக்கெட் தைக்க உட்கார்ந்து மிதித்தபோது மனசு கேட்டது: மிஷினில் அந்த நட்டு இல்லாமல் போனது எப்போதிலிருந்து? பெட்டியில் அதை நான் போட்டதாக ஞாபகம் இருக்கிறதா? போட்டிருப்பேன் என்றுதானே அன்றைக்கும் சொன்னேன். போட்டேன் என்று சொல்லவில்லையே.

இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் தூக்கிச் சுமந்ததை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறீர்கள். போகட்டும், அது என்னிடமே இருக்கட்டும். நீங்கள் தூங்குங்கள்.