யாரும் கேட்காத சோதனை

அக்டோபர் 14, 2024, திங்கள்

மதியம் சாப்பாட்டில் பாதியில் இருந்தபோது சென்னை ஆய்வகத்தின் மின்னஞ்சல் வந்தது. ஒட்டுத் திரவத்தின் நீர்த்த கலவை தோலுக்கு ஒன்றும் செய்யவில்லையாம். கைகூடக் கழுவாமல் முதலாளி அறைக்கு ஓடினேன். ஹாஜா மைதீன் காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தார். "அல்ஹம்துலில்லாஹ். மத்த பத்துப் பேருக்கும் அனுப்பும்மா" என்றார்.

டெல்டாவில் ஒட்டுத் திரவம் தயாரிக்கும் பதினொரு சிறு கம்பெனிகளில் எங்களுடையதும் ஒன்று. பூச்சிமருந்து இலையில் வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்பதற்காகக் கலக்கும் சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். பூச்சிமருந்துக் கம்பெனிகளிடம் சோதனை கேட்பது போல எங்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அப்படியிருந்தும் பதினொரு பேரும் கூடி, எல்லோரும் பயன்படுத்தும் மூலச்சரக்கைச் சோதித்து, நல்லதோ கெட்டதோ முடிவை இணையத்தில் போடுவது என்று கையெழுத்திட்டார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாத போட்டிக்காரர்கள்! விளம்பரத்துக்குச் செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். விவசாயிகள் சரக்கை எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஆய்வகத்துக்குப் படிவம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்ததில் எரிச்சல் வேறு. இன்று அந்த எரிச்சல் போய்விட்டது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

முயலின் முதுகில் தடவிப் பார்ப்பார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவும் பயம். இன்று ஆய்வகப் பெண் போனில் விளக்கினாள். மனிதத் தோல் செல்களைச் சட்டைப் பொத்தான் அளவு வட்டங்களாக வளர்த்து, அதன்மேல் சொட்டு விடுகிறார்களாம். எம்.எஸ்ஸி. படித்து என்ன பயன், இது தெரியவில்லையே எனக்கு. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் வியப்பாகவே இருந்தது.

நவம்பர் 6, புதன்

எங்கிருந்து எழுதுவது.

இணையப் பக்கத்துக்கு ஒரு புகைப்படம் வேண்டும் என்று திருக்காட்டுப்பள்ளிக்குப் போனேன். முப்பது மா, அதாவது பத்து ஏக்கர், நிலத்துக்கு மருந்தடித்துத் தருகிற மருதையன் என்பவரை உரக்கடையில் காட்டினார்கள். போன் கேமராவோடு வரப்பில் நின்றேன். மனிதர் கவனமானவர். பூச்சிமருந்தை எடுக்கும்போது கையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு, மூடியால் அளந்து ஊற்றினார். பிறகு பையை அவிழ்த்துப் போட்டார். எங்கள் பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையைக் குழித்து அதில் ஊற்றி வாளியில் விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கை. கடைசியில் முழங்கை வரை உள்ளே விட்டுக் கலக்கினார்.

"லேபிள்ல ஒரு மூடிதானேங்க போட்டிருக்கு?"

"ஒரு மூடிக்கு நுரை நிக்காதும்மா. நுரை நின்னாத்தான் மருந்து புடிக்கும்."

"கையில பையக் கட்டிக்கலாமே."

"அது வெஷம்மா, கட்டுனேன். இது சோப்புதானே."

கையைக் காட்டச் சொன்னேன். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து வெடித்திருந்தது. ரெண்டு வருஷமாகச் சோற்றைப் பிசைய முடியவில்லையாம், ஸ்பூனில்தான் சாப்பிடுகிறாராம். "மருந்து வேலைன்னா இருக்கறதுதானேம்மா" என்று சிரித்தார். படம் எடுக்கவில்லை.

படிவத்தில் நான் எழுதியது: குச்சியால் கலக்குவர். கையுறை அணிவர். தோலில் படுவது நீர்த்த கலவை மட்டும். அதனால்தான் ஆய்வகம் நீர்த்ததை மட்டும் சோதித்தது. இதையெல்லாம் எங்கே பார்த்து எழுதினேன்? எங்கள் பாட்டிலின் லேபிளைப் பார்த்து. லேபிளை எழுதியது யார்? நானேதான். என் எழுத்துக்கு என் எழுத்தே சாட்சி. அடி இர்ஃபானா.

நவம்பர் 7, வியாழன்

சொல்லவில்லை. வாயே வரல. பதினாறாம் தேதி பதினொரு கம்பெனிகளும் கூடி முடிவை இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். அதற்குள் சொல்லணும். சொன்னா வேலை போயிடுமோ?

நவம்பர் 9, சனி

சொல்லிவிட்டேன். காக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நாலு திட்டு விழும் என்று நின்றேன்.

பிறகு சொன்னார்: "போய்ப் பாத்தே, நல்லது. ஆனா பாக்கறதுக்கு முன்னாடியே எழுதினே பாரு, அது தப்பு."

"தப்புதான் காக்கா."

"சவூதியில பெயின்ட் கம்பெனியில பன்னெண்டு வருஷம் இருந்தேன். எந்த டின்னுல என்ன இருக்குன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. அதுக்குத்தான் இதுல கையெழுத்தே போட்டேன். கூட்டத்துல நீயே எந்திரிச்சுச் சொல்லு."

இவரையா விளம்பரப் பிரியர் என்று நினைத்தேன்? வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 16, சனி

கும்பகோணத்தில் கூட்டம். எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் கலக்காத முழுச்சரக்கை அப்படியே தோலில் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும், அதுவரை முடிவை வெளியிடக் கூடாது என்றேன்.

கும்பகோணம் குணசேகரன் எங்களுக்குப் பெரிய போட்டி. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "யாரும் கேக்காத சோதனைய நாமளே செஞ்சோம். பாஸும் ஆயிட்டோம். இப்ப நாமளே போயி ஃபெயில் ஆகணுமாம்மா?" எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரால சோத்தப் பெசைய முடியலைங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. "நம்ம பக்கமும் கையிலதான் ஊத்துறானுவளா?" என்று குணசேகரன் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. பதினொரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. விற்கத் தெரிந்த அளவுக்கு ஊற்றுவதைப் பார்க்கவில்லை யாரும். கை தூக்கச் சொன்னார்கள். மறுசோதனைக்கு ஏழு, வேண்டாம் என்று நாலு. ஏழாவது கை குணசேகரனுடையது. முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் தூக்கினார்.

டிசம்பர் 19, வியாழன்

முழுச்சரக்கு தோலைப் புண்ணாக்குகிறது. வட்டங்களில் பெரும்பாலான செல்கள் செத்துவிட்டன.

நான் சரி என்று தெரிந்ததில் ஒரு துளிகூடச் சந்தோஷம் இல்லை.

கையுறையை இலவசமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். காக்கா மறுத்துத் தலையாட்டினார். "போட மாட்டாங்கம்மா. அவங்க நுரையத்தான் நம்புறாங்க. சரக்கோட காரத்தக் கொறைச்சிட்டு, ஒரு மூடிக்கே நுரை நிக்கிற மாதிரி செஞ்சிருவோம்." எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஆளை மாற்றப் பார்த்தேன் நான். இவர் சரக்கை மாற்றப் பார்க்கிறார்.

சாயங்காலம் குணசேகரனே போன் செய்து, தன் நுரைக் கலவையின் அளவுகளை ஒன்றுவிடாமல் சொன்னார். பதினைந்து வருஷ ரகசியம்! "எழுதிக்கிட்டியாம்மா? திருப்பிச் சொல்லு" என்று அதட்டல் வேறு.

ஜனவரி 27, 2025, திங்கள்

மூன்று முடிவுகளும் இணையத்தில் ஏறிவிட்டன: நீர்த்தது, முழுச்சரக்கு, புதுச்சரக்கு. புதுச்சரக்கை அப்படியே விட்டும் தோல் தாங்குகிறது. அறிக்கையின் கீழே காக்கா ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "முதல் படிவத்தைத் தவறாக நிரப்பியவர் இர்ஃபானா. தவறைக் கண்டுபிடித்தவரும் அவரே." பெயரை எடுத்துவிடுங்கள் என்று சண்டை போட்டேன். "ரெண்டுமே உண்மைதானே" என்றார். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். இருக்கட்டும்.

இரண்டு கடைகள் பழைய பாட்டில்களைத் திருப்பி அனுப்பிவிட்டன. காக்கா முகம் வாடியது, ஆனாலும் பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்தார்.

மருதையனை நேரில் பார்த்து, கையைக் கெடுத்தது எங்கள் சரக்குதான் என்று சொல்லி, தோல் டாக்டரிடமும் அழைத்துப் போனேன். "அப்ப மருந்து இல்லையா? இத்தினி நாளா அதத்தானேம்மா திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். இனி எங்களைத் திட்டுங்க என்றேன். "உங்களப் பாத்துட்டேன், இனிமே எப்படித் திட்டுறது?" என்கிறார்.

மார்ச் 8, சனி

இந்த வருஷம் இரண்டாவது மூலச்சரக்கைச் சோதிக்கிறோம். படிவம் குணசேகரன் கம்பெனியின் பொறுப்பு. காலையில் அவரிடமிருந்து போன்.

"எங்க கெமிஸ்ட் குந்தவை ரெண்டு நாளா சாப்பிடலம்மா. என்னான்னு கேட்டா, வயலுக்கே போவாம லேபிளப் பாத்துப் படிவத்த எழுதிட்டாளாம். 'இர்ஃபானா அக்கா சொன்னாங்கல்ல சார், அதான் நானும் சொல்லிடுறேன்'னு வந்து நிக்கிறா."

"திட்டுனீங்களா?"

"திட்டாம? நல்லாத் திட்டிட்டு ஒங்க நம்பரக் குடுத்திருக்கேன்."

பத்து நிமிஷத்தில் குந்தவை அழைத்தாள். அழுகையில் பாதி புரியவில்லை. முதலில் சாப்பிடச் சொன்னேன். நாளை காலை ஆறு மணிக்கு அம்மாப்பேட்டையில் உளுந்துக்கு மருந்தடிக்கிறார்களாம். இரண்டு பேரும் போகிறோம். எதுவும் எழுதாத வெற்றுப் படிவத்தை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.