இரண்டு படி

உ

தொம்மலூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ரகுவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நான் சுகம்தான், மற்றதைக் கேட்காதே. நீயும் அனுஷாவும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அந்தக் குளிரில் கதகதப்பாக, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். வழக்கம்போலத் தாளின் தலையில் உ போட்டேன், போட்டதும் கை அங்கேயே நின்றுவிட்டது. போனில் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒன்று கேட்டாய், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், சாமி அலமாரியிலிருந்த தாத்தா காசைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தோம். நடுவில் ஓட்டை போட்ட அந்தப் பித்தளை வில்லையின் ஒரு பக்கம் தராசு, மறு பக்கம் உ. உ என்றால் உலகநாதன், அவர் தன் தாத்தா, கோலார் தங்கவயலில் பெரிய கடை வைத்திருந்தவர், தன் பெயரில் வில்லை அடித்துப் புழங்கவிட்டவர் என்று அப்பா எப்போதும் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடை நம்மளுதுன்னா இது சாமான் வாங்க வர்றவங்ககிட்டதானே இருக்கணும், நம்மகிட்ட எப்படி வந்துச்சு" என்று கேட்டாய். அப்பா சிரித்துக்கொண்டே, "நீ வக்கீலுக்குப் படிடா" என்றார். நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது, கேட்டுக்கொள்ள அவர் இல்லை.

அடுத்த மாதம் அவருக்கு வருஷத் திதி. உன் தங்கை பிரபா எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள், ஞாயிறுதோறும் ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்து என் மாத்திரை டப்பாவை நிரப்பிவிட்டுப் போகிறாள். அனுஷாவை இந்த நிலையில் விட்டுவிட்டு நீ வர வேண்டாம். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க வாங்க அவர் உன்னிடம் போனில் பேசிய கடைசிப் பேச்சு, பையன் பிறந்தால் உலகநாதன் என்று பெயர் வை என்பதுதான். ஸ்கேனில் பையன் என்று சொன்ன அன்றே நீ அழுதாயே, அப்பா பேச்சைக் காப்பாற்றப் போகிறேன் என்று. பிள்ளையின் அறையில் மாட்ட அந்த வில்லையைப் படம் எடுத்து அனுப்பம்மா என்றும் கேட்டாய். அதில்தான் ஆரம்பித்தது.

போனில் எடுத்தால் பளபளப்பில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைச் செய்யச் சொல்வேனே, காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பது, அப்படித் தேய்த்தேன். தராசு வந்தது, உ வந்தது, அதன் கீழே நாம் இத்தனை வருடம் கீறல் என்று நினைத்திருந்த இடத்தில் மங்கலாக இரண்டு எழுத்து வந்தது. ப, டி. உ படி. தமிழ் எண்ணில் க ஒன்று, உ இரண்டு, ங மூன்று என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். வகுப்பில் எண்ணாக இருந்தது நம் வீட்டு அலமாரியில் மட்டும் பெயராக இருந்திருக்கிறது. வெறும் இரண்டு படி, ரகு. அதில் யார் பெயரும் இல்லை.

இரண்டு நாள் அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்துவிட்டு, ஆனேக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். அப்பாவின் அத்தை சின்னத்தாய் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார், உன் கல்யாணத்துக்கு வந்து பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கினாரே அவர்தான். அப்பா ரிட்டயர் ஆன பிறகு தங்கவயலுக்குப் போய் மாரிக்குப்பம் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி உலகநாதன் கடை எது என்று கேட்டு அலைந்தது உனக்குத் தெரியும். அப்போது அத்தைக்கும் போன் செய்தார், அப்படி யாரும் இல்லடா என்று அத்தை சொன்னதை வயதாகிவிட்டது, மறந்துவிட்டது என்று விட்டுவிட்டார். இந்தத் தடவை வில்லையை நான் அத்தை உள்ளங்கையிலேயே வைத்தேன். தொண்ணூறை நெருங்கும் அந்தக் கை அதை மூடிக்கொண்டது, வெகுநேரம் திறக்கவில்லை. கடையைப் பற்றிக் கேட்டதும், "கடையா, எங்களுதா, கடை எங்களுதா இருந்தா வெல்லம் தின்னே இந்த ரெண்டு பல்லும் போயிருக்குமேடி" என்று சிரித்தார். உலகநாதன் யார் என்றேன். "எவன் கண்டான், எங்க அப்பன் பேரு முனியப்பன், சுரங்கத்துல எறங்கின ஆளு, நான் கைக்கொழந்தயா கீறப்பவே பூட்டாரு" என்றார்.

அத்தை தன் அம்மாவிடம் கேட்டதைச் சொன்னார். சம்பள நாளில் சுரங்கத்து ஆட்கள் நேராக அரிசிக் கடைக்குப் போய் அந்த மாதத்துக்கு வேண்டிய வில்லைகளை வாங்கிவிடுவார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "இத எடுத்துக்கினு சாராயக் கடைக்குப் போனா செல்லுமா, அதுக்குத்தான்" என்றார். தன்னைத் தானே நம்பாத மனிதர்கள் பிள்ளைகளுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. வீட்டுப் பெண்கள் அவற்றைக் கயிற்றில் கோத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்குவார்கள். ஒரு வில்லைக்கு இரண்டு படி. அப்படி ஒரு சம்பள நாளில் வில்லை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன முனியப்பன், அடுத்த ஷிப்டில் பாறை வெடித்து மேலே வரவில்லை. அவர் மனைவி மற்ற வில்லைகளை எல்லாம் கொடுத்து அரிசி வாங்கினார், கடைசி ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "புள்ளைங்க பசின்னு அழுவோம், பக்கத்து வூட்ல கூழ் வாங்கியாந்து ஊத்துவா, இத மட்டும் எடுத்துக்கினு போவ மாட்டா. இதயும் குடுத்துத் தின்னுட்டா அந்த மனுசன் வாங்கிக் குடுத்தது தீந்துபூடும்னு சொல்லுவா." நீ கேட்டதற்குப் பதில் இதுதான் ரகு. இரண்டு படி அரிசியை வாங்காமல் விட்டதால்தான் அது நம்மிடம் இருக்கிறது.

உலகநாதன் எங்கிருந்து வந்தார் என்றும் கேட்டேன். உன் தாத்தா பால்ராஜ் பிழைப்புத் தேடி இங்கே வந்து தொம்மலூரில் வாடகைக்கு வீடு கேட்டபோது, வீட்டுக்காரர் நீ யார், உன் அப்பா யார், எந்த லைன் என்று விசாரித்தாராம். சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடு என்றால் எந்தச் சாதி என்று அடுத்து கேட்பார்கள், அதற்கடுத்து வீடு இருக்காது. தாத்தா இடுப்பிலிருந்த வில்லையை எடுத்துக் காட்டி, அப்பா உலகநாதன், கடைக்காரர் என்று சொல்லிவிட்டார். "வூடு கெடைக்கணும்னு ஒரு நாள் சொன்னான், அப்பால அது அவன் வாயிலயே குடியேறிக்கிச்சு" என்றார் அத்தை. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர் எம். பால்ராஜ் என்றுதான் இருக்கும். உலகநாதன் மகனுக்கு எம் எப்படி என்று புதுமணப் பெண்ணாக நான் கேட்டபோது, அது ஊர் இனிஷியல், மாரிக்குப்பம் என்றார் அப்பா. அவர் நம்பித்தான் சொன்னார். ஆபீசில் யாராவது கோலாரா, மைன்சா என்று இழுத்தால், இல்லை, நாங்கள் கடைக்காரர்கள் என்று அவர் அவசரமாகச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த அவசரம் ஒரு வாடகை வீட்டு வாசலில் பிறந்தது என்று தெரியாமலே போய்விட்டார். தெரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாரா, உடைந்திருப்பாரா என்று படுக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

ஒன்று மட்டும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அப்பா கடைசியாக வெளியே போய் வாங்கி வந்தது கால் கிலோ காபிப் பொடி. பிரிக்காமல் டப்பாவில் வைத்திருக்கிறேன். மணம் போயிருக்கும், பிரபா திட்டுகிறாள், தூக்கிப் போடும்மா என்கிறாள். ஆனேக்கல்லிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் அந்த டப்பா நினைவுக்கு வந்தது. கடைசி வில்லையைக் கொடுக்காத, முகம் தெரியாத அந்தப் பெண்பிள்ளை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது போல இருந்தது.

இப்போது பெயர். உன் அப்பா கடைசியாகக் கேட்டதை மாற்று என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உலகநாதன் என்று வைத்தால் அவர் ஆசை நிறைவேறும், நானும் வாய் நிறைய அப்படியே கூப்பிடுவேன். ஆனால் அவர் கடை கடையாக ஏறித் தேடியது தன் தாத்தாவை. அந்தத் தாத்தாவுக்கு வேறு பெயர் இருந்தது, அதை நம் வீட்டில் இதுவரை யாருமே சொன்னதில்லை. திதிக்குப் பிண்டம் வைக்கும்போதுகூட உலகநாதன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். வருகிற மாதம் சரியான பெயரைச் சொல்லும்படி ஐயரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் பிள்ளைக்கு என்ன பெயர் என்பது நீயும் அனுஷாவும் பேசி முடிவு செய்வது.

வில்லையைத் தபாலில் போட மனம் வரவில்லை, நீங்கள் மூவருமாக வரும்போது கையில் தருகிறேன். பென்சிலில் தேய்த்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். அனுஷாவைப் பனியில் தனியாக நடக்க விடாதே, இரும்புச் சத்து மாத்திரையைப் பாலோடு சேர்த்துக் கொடுக்காதே. சுகப்பிரசவம் ஆகி, பிள்ளை நீண்ட ஆயுளோடு, யார் கேட்டாலும் தன் ஊரையும் பேரையும் தயங்காமல் சொல்கிறவனாக வளர வேண்டும். உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம்.

பிள்ளை பிறந்து உன் கைக்கு வந்ததும், வேறு எந்தப் பெயரும் சொல்வதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை முனியப்பா என்று கூப்பிட்டுப் பார்.

அன்புடன்
உன் அம்மா
தமயந்தி