அடுப்படிக்குக் கரண்ட் வந்த வழி

ஐப்பசி 9, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை என்று கங்காணி சத்தம் போட்டுவிட்டுப் போனார். வாங்க வேண்டியது: சீனி, கருவாடு, பேத்திக்குப் பென்சில், என் கால் தைலம்.

அடுப்படிச் சுவர் ஊறிப்போய்க் கிடக்கிறது. மருமகள் புஷ்பா ஈரக்கையோடு சுவிட்சைத் தட்டினாள். சுர்ரென்று இழுத்துவிட்டது. கையிலிருந்த அரிசி அளக்கிற சுண்டு உருண்டு, எல்லாம் தரையில். முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மகன் செல்வம் வந்து பார்த்தான். முன்னறையில் மீட்டருக்குக் கீழே இருக்கிற ட்ரிப் சுவிட்ச் விழவில்லை.

"உண்மையா ஷாக் அடிச்சிருந்தா ட்ரிப் விழுந்திருக்கும்மா. இவ ஒரு பயந்தாங்கொள்ளி."

"அப்ப நீங்க கைய வச்சுப் பாருங்களேன்" என்றாள் புஷ்பா.

வைக்கவில்லை.

ஐப்பசி 10, வெள்ளி

மழை குறைவு. கரண்ட் வேலை செய்கிற நிமல் பாஸைக் கூப்பிடச் சொன்னேன். அவன்மேல் எனக்குப் பிரியம் ஒன்றுமில்லை. போன தீபாவளிக்கு முன்னே வருகிறேன் என்று சொல்லி, பலகாரமெல்லாம் தீர்ந்தபிறகு வந்து, "அம்மே, முறுக்கு இல்லையா?" என்று கேட்டவன். ஆனாலும் வேலை தெரிந்தவன்.

செல்வம் கேட்கவில்லை. "ஒரு சுவிட்ச் மாத்த பாஸ் எதுக்கு? மெயினை எறக்கிட்டா ஆட்டுக்குட்டி மாதிரி கெடக்கும். போன்ல பார்த்துட்டேன்."

"போன்ல காட்டுனவன் நம்ம லயத்துலயா இருக்கான்?"

புளத்கொகுபிட்டிய டவுனுக்குப் போய் சுவிட்ச், வயர், கறுப்பு டேப் வாங்கிவந்தான். தைலத்தை மறந்துவிட்டான். நான் மறக்கமாட்டேன்.

ஐப்பசி 12, ஞாயிறு

நல்ல வெயில். துணி காயப்போட்டாச்சு.

காலையிலேயே செல்வம் அடுப்படியில் ஸ்டூலைப் போட்டான். பல்பைக் கழற்றினான். முன்னறைக்குப் போய் மெயினை இறக்கினான். டிவி நின்றது, பேன் நின்றது. "பார்த்தீங்களா, செத்துப்போச்சு" என்று கட்டரோடு ஏறினான்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அவன் வெட்டப்போகிற வயர் கண்ணில் பட்டது. கறுப்புத் துணி சுற்றின பழைய வயர். தகரத்துக்கு அடியில், பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலாக வருகிறது.

பக்கத்து வீடு என்றால் பேச்சியம்மா. என் புருஷனுடைய அண்ணன் பெண்சாதி. லயத்தில் வரிசையாக இருக்கிற எல்லாக் காம்பரா வீட்டுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரையைத் தொடாது. எங்களுக்கு மீட்டர் வராத காலத்தில், அவள் வீட்டிலிருந்து ஒரு வயரைச் சுவருக்கு மேலே தூக்கிப்போட்டுத்தான் அடுப்படிக்கு வெளிச்சம். என் மகள் பெரியவளான சடங்கன்று நான் பலகாரம் சுடும்போது பல்பு அணைந்தது. தன் டிவியில் நாடகம் ஆடித் தெரிகிறது என்று அவள் அணைத்துவிட்டாளாம். வாசல் நிறையச் சனம். இருட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு இன்னும் கையில் இருக்கிறது. அன்றோடு பேச்சு இல்லை. பிறகு எங்களுக்கே மீட்டர் வந்தது. பழைய வயரை வெட்டியாச்சு என்று என் புருஷன் சொன்னார். வெட்டின லட்சணம் இது. மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், இல்லாவிட்டால் இன்று கேட்டிருப்பேன்.

"டேய், எறங்கு."

"மெயின் எறக்கியாச்சும்மா."

"கட்டரை வச்சிட்டுப் பல்பை மாட்டு. எனக்காக."

சிரித்துக்கொண்டே மாட்டினான். இறங்கி, விளக்குமாற்றுக் காம்பால் சுவிட்சைத் தட்டினான்.

பல்பு எரிந்தது. முன்னறையில் மெயின் இறங்கிக் கிடக்கிறது, இங்கே பல்பு எரிகிறது.

சிரிப்பைக் காணோம். புஷ்பா அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "இன்னொரு தடவ ஸ்டூல்ல ஏறுனீங்க, நானே தள்ளிவிட்ருவேன்." பிறகு அழுதாள்.

இத்தனை வருஷம் தெரியாமல் போனது எப்படி? கரண்ட் போனால் லயம் முழுக்கப் போகும். நம் மெயினை மட்டும் இறக்கி யார் பார்த்தது?

பாஸுக்குப் போன். நாளைக்கு வருகிறானாம். "அல்லன்ன எபா அம்மே, எபா!" என்று சிங்களத்தில் கத்தினான். தொடவே கூடாதாம். பேச்சியம்மா வீட்டுப் பியூஸைப் பிடுங்க வேண்டுமாம்.

செல்வம் போகிறேன் என்றான். அவன் சொன்னால் அவள் பிடுங்குவாள், நாடக நேரத்துக்கு மறந்து போட்டுவிடுவாள். நான் சொன்னால் மறக்கமாட்டாள். போனேன்.

ஈரப்பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒங்க பியூஸைப் புடுங்குங்க. எங்க அடுப்படி பல்பு ஒங்க வயர்ல எரியுது."

தலையைத் தூக்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"பின்ன? நீங்க கேத்தல் போட்டா எங்க பல்பு மங்குது. வெட்டச் சொல்லிருந்தா, சடங்கன்னைக்கு அணைச்சவ மறுபடி அணைச்சான்னு லயம் பூராப் பாடிருப்ப."

பாடியிருப்பேன்தான்.

எழுந்துபோய் பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். அவள் வீடு முழுக்கவும் அந்த ஒரு பியூஸ்தான். என் உள்ளங்கையில் வைத்தாள். "நீயே வச்சுக்க. அப்புறம் நான் போட்டுட்டேன்னு சொல்லாத."

முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். செல்வம் எங்கள் மெயினைத் தூக்கிவிட்டான், முன்னறையில் டிவி ஓடுகிறது. இன்று பொழுதுபட்டபிறகு சுவருக்கு அந்தப் பக்கம் டிவிச் சத்தம் இல்லை.

ஐப்பசி 13, திங்கள்

தூறல். பாஸ் வந்தான், சொன்ன நாளிலேயே. அதிசயம்.

பழைய வயரை மடக்கினான், துணி உதிர்ந்து செம்பு தெரிந்தது. வேறு வீட்டிலிருந்து வருகிற கரண்டை நம் ட்ரிப் எப்படிப் பிடிக்கும், அதனால்தான் விழவில்லை என்றான். புஷ்பா செல்வத்தைப் பார்த்தாள். செல்வம் மாட்டைக் கட்டப் போனான். எங்களிடம் மாடு இல்லை.

இரண்டு பக்கமும் வெட்டி, எங்கள் மீட்டரிலிருந்து புது வயர் இழுத்துவிட்டான். ட்ரிப்பிலேயே இருக்கிற சோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டினான், டக்கென்று விழுந்தது. முறுக்கு கேட்டான். பிஸ்கட் கொடுத்தேன்.

பியூஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"அடுப்படி எரியுதா?"

"எரியுது."

சடங்கு நாளை நான் மறக்கவில்லை. அவளிடமும் அதைச் சொல்லிவிட்டேன். "தெரியும், தெரியும்" என்றாள். நேற்று நாடகத்தில் அந்தப் பிள்ளை வீட்டைவிட்டுப் போய்விட்டாளா என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. புஷ்பா பார்த்திருப்பாள். கேட்டுக்கொண்டு நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.