இதைச் செய்த ஆள்

திருத்தங்கல்
6.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தடவையும் உங்கள் கடிதத்தின் இடது ஓரத்தில் கிரீஸ் கறை இல்லை. எழுதும்போது தாளை அழுத்திப் பிடிப்பீர்களே, அந்தப் பெருவிரல் எப்போதும் அங்கே பதிந்திருக்கும். ஒர்க்‌ஷாப்பில் நல்ல சோப்பு போட ஆரம்பித்துவிட்டார்களா?

நானும் அம்மாவும் சுகம். போனில் நீங்கள் "சொல்லு தாயி" என்றதும் சொல்ல வந்ததெல்லாம் ஓடிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் காரைப் பார்க்க ஒருவர் வந்தார். பெயர் சங்கரபாண்டியன். காரியாபட்டியில் பழைய கார்களைச் சரிசெய்து ஓட வைக்கிற ஷெட் வைத்திருக்கிறார். அச்சாபீஸ் முதலாளி கொட்டகையை இடித்தபோது உங்களுக்குத் தூக்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் கார் இங்கே இருப்பதாக யாரோ சொல்லி வந்திருக்கிறார். தார்ப்பாயை அவரே விலக்கினார். கதவுக்குக் கீழே துரு தின்ற இடத்தை விரலால் தடவினார். அங்கே புதுத் தகடு வைத்தது தெரியவே இல்லை என்றார்.

"ரெண்டு சீட்டு எம்.ஜி. இத இப்படிப் பாத்து எம்புட்டு நாளாச்சு. யாரு செஞ்சது?"

நான் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "எங்க அப்பா" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கோயம்புத்தூர் போன பிறகு அந்தத் தகட்டை வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்தது நான். ஆனால் ஓர் அந்நிய மனிதரின் முகத்தைப் பார்த்து 'நான்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஷெட்டுக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கேன். ஆடி மொத ஞாயிறு வாறேன். இஞ்சின் கால் மணி நேரம் நிக்காம ஓடணும். ஓடுச்சுன்னா, இதச் செஞ்ச ஆளுக்கு வேலை உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வேலை எனக்கு வேண்டும் அப்பா. ஆவணியில் எனக்குப் பதினெட்டு முடிகிறது. அம்மா தன் பட்டாசுக் கம்பெனியில் என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாள். பத்தாவதோடு நின்று வீட்டில் டப்பா ஒட்டுகிற பெண்ணுக்கு வேறு என்ன கிடைக்கும் என்று கேட்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கு அங்கே போக மனமில்லை, அவ்வளவுதான்.

இஞ்சினைப் பூட்டி முடித்துவிட்டேன். இரண்டு கார்புரேட்டரையும் நீங்கள் வந்து ஒருமுறை சரிபார்த்துத் தந்தால் போதும். எப்போது வருகிறீர்கள்?

உங்கள் அன்பு மகள்,
பானு


கோயம்புத்தூர்
13.6.2024

என் செல்ல மகள் பானுப்பிரியாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

கடிதம் கண்டு மகிழ்ச்சி. தகடு வைத்தது தெரியவில்லை என்று ஒரு தொழில்காரர் சொன்னது சின்ன விஷயம் இல்லை. அம்மாவிடமும் சொல்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு கட்டாயம் வருவேன். இங்கே வேலை நெருக்கடி, லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை கார்புரேட்டரில் கை வைக்காதே. அது பொல்லாதது. இஞ்சினையும் ஸ்டார்ட் செய்து பார்க்காதே. தார்ப்பாயைப் போட்டு மூடி வை.

அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். தீபாவளி ஆர்டர் வந்துவிட்டால் அவளுக்குப் பசி தெரியாது. சோப்பு மாறியது உண்மைதான்.

அன்புடன்,
அப்பா


திருத்தங்கல்
3.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வரவில்லை. கடைசி ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் அம்மா உங்களுக்கென்று கோழிக் குழம்பை மூடி வைத்திருந்தாள். பிறகு எனக்கே ஊற்றினாள்.

அதனால் திங்கட்கிழமை நானே ஸ்டார்ட் செய்தேன். திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் இருமியது. இரண்டு சிலிண்டர் பிடித்தது, இரண்டு பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். டப்பென்று சத்தம். கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு வந்தது. சாக்கை நனைத்துப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அதை எடுக்கக் குனிவதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

நம் வாசலில் கம்பெனியில் இருப்பது மாதிரி அம்மா ஒரு மணல் வாளி வைத்திருப்பாளே. முழு வாளியையும் அப்படியே இஞ்சின் மேல் கொட்டினாள். நெருப்பு அணைந்துவிட்டது. மணல் இரண்டு கார்புரேட்டரின் வாய்க்குள்ளும் போய்விட்டது. நான் சாவியை விடாமல் பிடித்திருந்ததால் இஞ்சின் சுற்றி அந்த மணலை உள்ளே இழுத்துக்கொண்டது. அது அரைபட்ட சத்தம் என் பல்லிலேயே கேட்டது.

"ஈரச் சாக்கு இருக்குல்லம்மா" என்றேன்.

"அது எனக்கு எங்கன தெரியும்? நாங்க கத்துக்கிட்டது இம்புட்டுத்தான்டி. நெருப்பக் கண்டா மணலு. யோசிச்சுக்கிட்டு நின்னவ எவளும் வீடு வந்து சேந்ததில்ல."

சொல்லிவிட்டு என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி மொத்த இஞ்சினையும் பிரிக்க வேண்டும். ஆடி முதல் ஞாயிறுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. இப்போதாவது வருவீர்களா?

உங்கள்,
பானு


கோயம்புத்தூர்
8.7.2024

அன்பு மகளுக்கு,

நல்லவேளை, உன் கைக்கு ஒன்றுமில்லை. அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

என் கைக்கு ஆகிவிட்டது. மாசி மாதம் ஒரு கியர்பாக்ஸ் நழுவி இடது கையில் விழுந்தது. மூன்று விரல்கள் மடங்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்தால் நழுவிவிடுகிறது. இப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கேட் பார்க்கிறேன். கார்கள் வரும், திறந்துவிடுவேன். சத்தத்தை வைத்து எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரியும். சொல்ல மாட்டேன்.

பயப்படுவீர்கள் என்று மறைத்தேன். லீவு கேட்டதாக எழுதியதும் பொய். இந்தக் கையோடு உன் முன்னால் வந்து நிற்கத் தெரியவில்லை.

நான் சொல்வதைக் கேள். மணல் போன இஞ்சினை எடுத்துக் கட்டுவது பெரிய வேலை. அந்தப் பெரியவர் ஆண்பிள்ளை ஒருவனை நினைத்துத்தான் வேலை என்று சொல்லியிருப்பார். நீ போய் நின்று, இல்லை என்று சொல்லிவிட்டால் தாங்க மாட்டாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். காரை இரும்பு வியாபாரியிடம் கொடுத்துவிடு. அம்மா சொல்கிறபடி செய்.

அப்பா


திருத்தங்கல்
22.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கியர்பாக்ஸ் இடம் வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "கை போனா மனுசன் வீட்டுக்கு வரக் கூடாதாமா? வரட்டும், பேசிக்கிறேன்" என்றாள். வாருங்கள். அவள் பேசுவாள், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்பு வியாபாரியை நான் கூப்பிடவில்லை.

இஞ்சினின் தலையைக் கழற்றினேன். அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டியையும் இறக்கினேன். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். வேலை விட்டு வந்த அம்மா குனிந்து, வழிந்த எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் நறநறங்குது."

கம்பெனியில் மருந்தில் ஒரு மணல் கிடந்தாலும் உரசி நெருப்புப் பிடிக்கும் என்று சலித்துச் சலித்துப் பழகிய விரல். எனக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்தது. அதன்பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் என்னோடு உட்கார்ந்தாள். நான் கழுவுவேன், அவள் வெள்ளைத் துணியில் வடித்துத் தேய்த்துப் பார்ப்பாள். "போட்டவளே பொறுக்க வேண்டியிருக்கு" என்று சிரித்தாள். அவள் "இப்பப் பூட்டு" என்ற பிறகுதான் பூட்டினேன். நல்லவேளையாக சிலிண்டர் சுவரில் லேசான கீறல்தான்.

நெருப்பு ஏன் வந்தது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். கார்புரேட்டர்மேல் தப்பில்லை. இரண்டாவது, மூன்றாவது பிளக் ஒயர்களை நான்தான் இடம் மாற்றி மாட்டியிருந்தேன். பிறகு கார்புரேட்டரையும் திருகித் திருகிச் சரிசெய்தேன். நீங்கள் நினைக்கிற அளவுக்கு அது பொல்லாததில்லை.

நேற்று சங்கரபாண்டியன் சார் வந்தார். ஸ்டார்ட் செய்தேன். நாலு சிலிண்டரும் பிடித்தன. அவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வாட்சைப் பார்த்தபடி நின்றார். அம்மா வாசலில் மணல் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றாள். "வாளியத் தொடாதம்மா" என்று நான் அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். கால் மணி நேரமும் இஞ்சின் நிற்கவில்லை.

"உங்க அப்பாவுக்கு நல்ல கை" என்றார் அவர். "எங்க அவரு? நாளைக்கே ஷெட்டுக்கு வரச் சொல்லு."

உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. என் சுபாவம் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் தெரியும். சும்மா தலையாட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் அவர் போயிருப்பார், நான் ஆவணியில் அம்மாவோடு கம்பெனி வேன் ஏறியிருப்பேன்.

"அப்பா இல்ல சார். நான்தான் செஞ்சேன்."

அவர் காதில் விழவில்லை. இஞ்சின் சத்தம். இன்னொரு தடவை, அவர் முகத்தைப் பார்த்து, கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கார்புரேட்டரைக் காட்டி, "அப்படியா தாயி? அப்பக் கழத்தி மாட்டு, பாப்போம்" என்றார்.

இஞ்சினை அணைத்தேன். சூடு ஆறும்வரை காத்திருக்கவில்லை. ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தேன். திரும்ப மாட்டி ஓட்டிக் காட்டியதும், இதைச் செய்த ஆளுக்கே வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் மகள்,
பானுப்பிரியா