கூட இருந்த பிள்ளை

ராபர்ட்சன்பேட்டை
ஜூன் 1999

அன்பு மகளே,

போனில் 'தம்பி போயிட்டான்' என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. மீதியை எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் விமானப்படை ஆபீசர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தம்பி பரத்தின் சிநேகிதர்கள் என்று நினைத்து அம்மா காபி போடப் போனாள். என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்கள். கார்கிலில் குண்டு போட்டுத் திரும்பும்போது விமானம் தீப்பிடித்திருக்கிறது. பின்சீட்டுப் பையனைக் குதிக்கச் சொல்லிவிட்டு, கீழே இருந்த ஊரைத் தாண்டும்வரை தம்பி விமானத்தை விடவில்லையாம். அதற்குப் பிறகு குதிக்க அவனுக்கு நேரமில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. "சர்க்கரை போதுமா சார்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ!

அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது என்றே நினைத்திருந்தேன். அவர்கள் போனபின் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றேன். அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"ஏங்க, கூட இருந்த புள்ள பொழச்சிக்கிச்சா?"

"பொழச்சிக்கிச்சி."

"அவங்கம்மாவுக்குச் சொல்லச் சொல்லுங்க. பயந்துனு இருப்பாங்க."

அதற்கப்புறமும் அவள் அழவே இல்லை. பிள்ளை பெறும் மாசத்தில் நீ வர முடியாது. தினமும் போன் பண்ணும்மா. உன்னிடமாவது அவள் அழட்டும்.

அப்பா