இலையில்லாத குச்சி

29 டிசம்பர் 2024, ஞாயிறு

காலையில் புல்வெளி முழுக்க வெள்ளை. விடியுமுன்னே மாட்டுப்பட்டி ரோட்டில் கார்கள் வரிசைகட்டி நின்றன. டூரிஸ்டுகள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு உறைபனியைத் தொட்டு "வாவ்" என்கிறார்கள். நாங்கள் அதே பனியில் குடத்தோடு பைப்படிக்குப் போகிறோம். எங்களைப் பார்த்து யாரும் வாவ் சொன்னதில்லை.

என் மல்லி, பூசணிக்கொடி, ஜன்னலோரப் பூச்செடி எல்லாம் கருகிவிட்டன. தேயிலைக் கம்பெனி எங்களுக்குக் கட்டிக்கொடுத்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் சீமை அத்தி மட்டும் வழக்கம்போல இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிறது. செத்த மாதிரி நடிப்பதில் அது எங்கள் வீட்டுக்காரருக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகச் சொன்னால் அவரும் இப்படித்தான் கிடப்பார். மரம் மாசியில் எழுந்துவிடும். யார் நட்டது, என்ன ரகம், ஒருவருக்கும் தெரியாது.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அவர் சாவகாசமாகச் சொன்னார்: "மானேஜர் ஒத்துக்கிட்டாரு. அந்த அத்தி நிக்குற எடத்த நிரவி ஜீப் ஸ்டாண்டு போடப் போறோம். முழுப்பரீட்சை லீவுக்குள்ள முடிக்கணும்."

இடம் கேட்டு மனு கொடுத்தது ஜீப் டிரைவர் சங்கச் செயலாளர். அந்த மகராசன்தான் எனக்குத் தாலி கட்டியவர்.

30 டிசம்பர்

"ஒரு மரத்துக்கா இவ்வளவு சண்டை?" என்கிறார்.

ஆமாம், ஒரு மரத்துக்குத்தான். இந்த வீடு கம்பெனியுடையது. கதவு, தகரம், பைப்புத் தண்ணீர், எல்லாம் கம்பெனியுடையது. நான் ரிட்டயர் ஆனால் பாத்திரத்தை மூட்டை கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அந்த மரம் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. யாருடையதும் இல்லை என்பதால் என்னுடையது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதுவும் தப்பாம்.

மரத்தைக் காப்பாற்ற முடியாது. கன்றாவது எடுக்க வேண்டும். தேயிலை நர்சரியில் கன்று போட்டே கை காய்த்தவள் நான். ஒரு அத்தியா பெரிய விஷயம்?

5 ஜனவரி 2025

அத்தி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து மரத்தின் படத்தைப் போட்டேன். பனியில் சாகாத அத்தி என்றதும் குழுவே எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஒருவர் துருக்கி ரகம் என்றார். இன்னொருவர் இத்தாலி என்றார். மூன்றாமவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பின்னால் தெரியும் கொடியில் காய்வது யார் கைலி என்று கேட்டார். அதற்கு மட்டும்தான் எனக்குப் பதில் தெரியும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மோகனசுந்தரம் என்று ஒருவர் போனே செய்துவிட்டார். தோட்டத்தில் ஏகப்பட்ட அத்தி ரகம் வைத்திருக்கிறாராம். "ஏனுங்க, பேரு தெரியாத மரம்னா எனக்குத் தூக்கமே வராதுங்க. இப்பவே இலையில்லாத குச்சியா நறுக்கி அனுப்புங்க. தண்ணி காட்டாம வேர் உட வெச்சுப்போடறனுங்க."

இலையில்லாத குச்சியாம். சரிங்க ஐயா என்று வைத்துவிட்டேன்.

12 ஜனவரி

தேயிலையில் கன்று எடுக்க ஓர் இலை, அதன் கீழ் விரல்நீளத் தண்டு வேண்டும். இலை இல்லாவிட்டால் அது விறகு. இதை நான் எத்தனை புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! பாலக்காட்டு வெயிலில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறார்.

மரத்தை நன்றாகக் கவாத்து வெட்டிவிட்டேன். மாசியில் புதுத் துளிர் கிளம்பட்டும், இலையோடு எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டிய கம்புகளைக் குவித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அழகுத்தாய் அக்கா வந்தார். "ஏ புள்ள சித்ரா, ஊனி வைக்க எனக்கும் ஒண்ணு தாயேன்." அக்கா கை பட்டால் கற்றாழையும் காய்ந்துபோகும். லயத்துக்கே தெரியும்.

"அக்கா, அது வெறகு. வேணும்னா கட்டோட எடுத்துக்கோங்க" என்றேன். கட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். முகத்தில் என்ன சந்தோஷம்!

24 பிப்ரவரி

துளிர் வந்துவிட்டது. ஓர் இலை, ஒரு துண்டு. நர்சரி மூலையில் பையில் மண் நிரப்பி நட்டு, மேலே பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, நிழல்வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். என் பிள்ளைகளைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் கன்று தருவதாகச் சொல்லியாயிற்று. மோகனசுந்தரத்துக்கு இலையோடு சில துண்டுகளை ஈரத்துணியில் சுற்றிக் கூரியரில் அனுப்பினேன். பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

அழகுத்தாய் அக்கா என் விறகை அடுப்பில் வைக்கவில்லை. பீன்ஸ் கொடிக்கு ஊன்றியிருக்கிறார். பாவம் பீன்ஸ்.

4 மார்ச்

இலையெல்லாம் பச்சையாக நிற்கின்றன. குழுவில் "வெற்றி" என்று போட்டுவிட்டேன். நிறையப் பேர் கைதட்டினார்கள்.

13 மார்ச்

அழுகிவிட்டது. எல்லாமே. கூடாரத்தைத் திறந்தால் ஒரு நாற்றம். தண்டைத் தொட்டால் கையோடு வருகிறது. தேயிலை எவ்வளவு தண்ணீர் காட்டினாலும் குடிக்கும். இந்த மகராணிக்கு ஆகாதாம். எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்று சொல்ல முடியாது. ஒருவர் போன் போட்டுச் சொன்னார்.

அவரே இன்றும் போன் போட்டார். "அம்மிணி, பார்சலு நாலு நாள் தாமசமா வந்துதுங்க. பிரிச்சுப் பார்த்தா கீரை மசியலாட்டம் இருக்குதுங்க. அதுக்கும் பேரு கண்டுபுடிக்கோணுங்களா?" என்னைவிட வாய் நீளமான ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

பரவாயில்லை. ஜேசிபி மாதக் கடைசியில்தான் வருமாம், அதுவரை மரம் நிற்கும். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. முற்றிய கம்பாகவே வெட்டிவிடுகிறேன்.

14 மார்ச்

நர்சரியிலிருந்து வந்து பார்த்தால் மரம் இல்லை.

ஜேசிபி இன்றைக்குத்தான் சும்மா கிடைத்ததாம். வேரோடு பிடுங்கி, ஓடைப் பக்கம் தள்ளி, மேலே மண்ணையும் தள்ளிவிட்டார்கள். அந்த இடம் வழித்துவிட்ட தோசைக்கல் மாதிரி இருக்கிறது. "இன்னைக்கு விட்டா வண்டி கெடைக்காதுன்னாங்க சித்ரா" என்கிறார். ஒரு போன் — ஒரே ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? எத்தனை கம்பு வெட்டியிருப்பேன்! ஜீப்புக்கு எடம் வேணும், எனக்கு ஒண்ணும் வேணாம், அப்படித்தானே?

அழுதேன். மரத்துக்காக அழுகிறவள் என்று லயமே பார்த்தது. பார்க்கட்டும்.

6 ஏப்ரல்

செயலாளரோடு பேசுவதில்லை. சோறு மேஜைமேல் இருக்கும். ஜீப் ஸ்டாண்டு ரொம்ப அழகு என்று ஒரு டூரிஸ்ட் சொன்னாராம். வாவ்.

18 மே

கோடைமழை நாலு நாளாக. காலையில் அழகுத்தாய் அக்கா கத்தினார்: "ஏ புள்ள, இங்க வந்து பாரு. பீன்ஸு வரல, கம்பு வந்திருச்சு!"

போனேன். பீன்ஸ் எல்லாம் எதிர்பார்த்தபடி மண்டையைப் போட்டிருந்தது. கொடிக்கம்புகள்தான் துளிர்த்திருந்தன. எல்லாமும் இல்லை, சில. ஒன்று தலைகீழாக ஊன்றியது, அதுவும்! கை அகல இலை, அதே சொரசொரப்பு, அதே வாசனை. தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டேன். பீன்ஸ் போன பிறகு எட்டியே பார்க்கவில்லையாம்.

இலையை ஒருமுறை தடவிப் பார்த்தேன். கடைசியில் கேட்டேன். "அக்கா, எனக்கு ஒண்ணு தருவீங்களா?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெறகுதானே புள்ள. கட்டோட எடுத்துக்கோ."

இத்தனை மாதம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார்! சிரித்தேன், கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் ஒண்ணு விட்டுட்டு எடு. அடுத்த மாசம் ரிட்டயருல்ல. மக ஊட்டுக்கு ராஜபாளையத்துக்குப் போறேன். இங்கருந்து கொண்டு போக வேற என்ன இருக்கு, சொல்லு."

பெரியதாக ஒன்றை வேர் அறாமல் தோண்டி அக்காவுக்குத் தொட்டியில் வைத்துக்கொடுத்தேன்.

11 ஜனவரி 2026, ஞாயிறு

மறுபடியும் பனி. மறுபடியும் வாவ்.

அக்காவிடம் வாங்கி ஜீப் ஸ்டாண்டு மூலையில் நான் நட்ட அத்தி இலையைக் கொட்டிவிட்டது. அதைச் சுற்றிக் கல் அடுக்கியது நான் இல்லை. ஒரு வண்டி நிறுத்தும் இடம் போச்சே என்று சங்கத்தில் செயலாளரைத் திட்டுகிறார்களாம். அவர் தன் ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர்போலச் சோறு கேட்டார். சூடாகவே போட்டேன்.

ராஜபாளையத்திலிருந்து போன். "இங்க இது எலையே கொட்ட மாட்டேங்குது புள்ள. ஏதும் நோயா?" அக்கா கையில் ஒன்று பிழைத்ததே எனக்குப் போதும்.

கைநீளத்தில் ஒரு குச்சி வெட்டி, ஈரமில்லாமல், பேப்பரில் சுற்றி கொழிஞ்சாம்பாறைக்கு அனுப்பினேன். இலை இல்லை. கிடைத்ததும் மோகனசுந்தரம் என்ன கேட்பார் என்று தெரியும், "பேரு என்னங்க?" என்பார். அதனால் சீட்டில் நானே எழுதி ஒட்டிவிட்டேன்: விறகு.