பித்தளை மூடி

அன்புள்ள கேப்டனுக்கு,

உங்கள் தையல்காரி எழுதுவது. இங்கே நான் நலம், மெஷின் நலம், மாடி வீட்டுக்காரரின் இருமல்கூட நலமாகவே இருக்கிறது. அங்கே உங்கள் நலத்தை உங்கள் அக்கா போனில் சொல்லிவிடுகிறார்கள். நீங்களோ போனில் "ம்" என்பதைத் தாண்டுவதில்லை. கடிதத்தில்தான் வாயைத் திறக்கிறீர்கள். அதனால் நானும் காகிதமும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. படகை விற்றுவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதம் வந்து போனதிலிருந்து இடது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இந்தக் கையோடு படகுத்துறைக்கு வந்து நாலு பேர் பார்க்க நிற்க முடியாது, இன்னும் கொஞ்ச நாள் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டு வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொஞ்ச நாளுக்கு நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று எழுதவில்லை. கைக்குப் பயிற்சி கொடுத்த அம்மா, இனிமேல் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிப் பல வாரம் ஆகிவிட்டதாக உங்கள் அக்கா சொன்னார்கள். எந்த வீட்டில் என்று அந்த அம்மா சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது.

சரி, படகு. காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, ஹாரன் இல்லாத வண்டி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினீர்கள். ரெண்டு பேர் உட்காரலாம், மூணாவதாக ஒருத்தர் ஏறினால் மூணு பேரும் நனையலாம். அதற்கு நடுவில் ஒரு மரம், காற்றுப் பிடிக்க ஒரு பாய், திருப்ப ஒரு சுக்கான். வேலை இல்லாத நாளெல்லாம் அதைத் தேய்ப்பதும் துடைப்பதுமாக நீங்கள் கிடந்ததைப் பார்த்துத்தான் அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்தேன். எத்தனையோ தரம் வா வா என்று கூப்பிட்டீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரைப் பார்க்க ஆசை வந்தால் குளியலறையில் ஒரு வாளியும் மக்கும் இருக்கிறது, அதுவே போதும் என்று ஒருநாளும் ஏறவில்லை. ஆக, விற்றால் எனக்கு நஷ்டமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

போய்ப் பார்த்தால் வயிறு எரிந்தது. மேலே போட்ட தார்ப்பாய் நடுவில் தொங்கி, மழைத்தண்ணீர் தேங்கி, அதில் கொசு குடித்தனம் நடத்துகிறது. தூக்கிப் பார்த்தால் உள்ளே புழுங்கிப்போன வாடை. வார்னிஷ் பல இடத்தில் பொரிந்து உரிகிறது. கயிறெல்லாம் விறைத்துக் குச்சியாகக் கிடக்கிறது. பாயில் ஒரு தையல் நூல் இற்றுப்போய் ஆவென்று பிளந்திருக்கிறது. துறைக் காவலாளி, அதுதான் நீங்கள் வானிலை என்று பேர் வைத்தீர்களே, அவர் பக்கத்தில் வந்து நின்று, ஆள் இல்லாத படகு அப்படித்தான் ஆகும் என்றார். ஆள் இல்லாமல் ஒன்றும் இல்லை, ஊரில் இல்லை, அவ்வளவுதான் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

இப்படியே விற்க எனக்கு மனசு வரவில்லை. பட்டன் தளர்ந்த சட்டையைக்கூட நான் வாசல் தாண்ட விட்டதில்லை. முதலில் அதை ஆளாக்குகிறேன், அப்புறம் விற்கிறேன். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். அக்காவிடம் எரிந்து விழாதீர்கள்.

சக்களத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் தையல்காரி


அன்புள்ள கேப்டனுக்கு,

முதலில் சிரித்துக்கொள்ளுங்கள், அப்புறம் மற்றதைச் சொல்கிறேன். கயிறுகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, பால்கனிக் கொடியில் காயப்போட்டிருந்தேன். எதிர்வீட்டு டீச்சர் பார்த்துவிட்டு, என்ன, மாடு கீடு வாங்கப் போறீங்களா என்று கேட்டார். இல்லை டீச்சர், எங்க வீட்டுக்காரரைக் கட்டி இழுத்துட்டு வரப்போறேன் என்றேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறார். கயிறு மட்டும் துவைத்த துண்டு மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது.

நடுவில் ஒரு பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்குமே, படகு பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கிற பலகை, அது ஊறி உப்பி மாட்டிக்கொண்டு ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றது. உங்களைப் போல. மரச்சுத்தியால் மெல்லத் தட்டி வெளியே எடுத்து, நிழலில் காயவைத்து, ஓரத்தை உப்புத்தாளால் இழைத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டேன். ஜிப் ஓடாவிட்டால் நாங்கள் செய்கிற வித்தைதான். இப்போது ஒரு விரலால் தள்ளினால் இறங்குகிறது.

வார்னிஷ் கதை வேறே. பழையதைச் சுரண்டி, தேய்த்து, தூசி துடைத்து, முதல் பூச்சு அடிக்கப்போகும்போது வானிலையைக் கேட்டேன். மழையா, மூச், ஒரு வாரத்துக்குப் பேச்சே இல்லை என்றார். அடித்து முடித்து டீ குடிக்கப் போனேன், பிடித்துக்கொண்டது மழை. மரமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தேய்த்தேன். அடுத்த தடவை அவர் மழை வரும் என்று சொன்ன நாளாகப் பார்த்து அடித்தேன், கண்ணாடியாக வந்திருக்கிறது.

இனி என் மானம் போன கதை. பாயை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தேன். கட்டிலை நிமிர்த்தி வைத்தும் இடம் போதாமல் அதன் நுனி அடுப்படிக்குள் போய்விட்டது. விரித்துப் பார்த்தால் தரையில் படியவே மாட்டேன் என்கிறது, நடுவில் உப்பிக்கொண்டு நிற்கிறது. துணிப்பட்டைகளைச் சேர்த்த தையலோ ஒன்றுகூட நேர்க்கோடு இல்லை, எல்லாம் கோணல். எவனோ குடித்துவிட்டுத் தைத்திருக்கிறான், பாவம் இவருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். என் கை சும்மா இருக்குமா? பிளந்த தையலோடு நல்ல தையலையும் பிரித்து, ஓரத்தை மடக்கி, அளவுகோல் வைத்து நேராக ஓட்டித் தள்ளினேன். போர்வை மாதிரி தரையில் படுத்தது. என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

பெருமையாகத் துறைக்குக் கொண்டுபோய், படகு தள்ளுவண்டியில் இருக்கும்போதே வானிலையும் நானுமாக மரத்தில் ஏற்றினோம். நல்ல காற்று. பாய் படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர, வயிறு பிடிக்கவில்லை. தட்டியை நிறுத்திவைத்த மாதிரி நின்றது. வானிலை சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதோட தொப்பையை யாரும்மா இஸ்திரி போட்டது என்று கேட்டார். காற்று உட்கார ஒரு குழி வேண்டாமா என்றார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. உடம்பு வளைவுக்குத் துணியை மடித்து டார்ட் பிடிக்காமல் ஜாக்கெட் தைத்தால் எப்படி இருக்கும்? ஊருக்கெல்லாம் டார்ட் பிடித்துக் கொடுத்தவள், உங்கள் படகின் டார்ட்டை மட்டும் ஒன்றுவிடாமல் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

நல்லவேளை, துணியை வெட்டவில்லை, மடித்துத்தான் தைத்திருந்தேன். பழைய ஊசித்துளைகள் அப்படியே இருந்தன. மறுபடி பிரித்து, அந்தத் துளைகள் வளைகிற வழியிலேயே, வெயிலில் இற்றுப்போகாத நூலாக வாங்கி ஓட்டியிருக்கிறேன். போன வாரம் ஏற்றிப் பார்த்தோம். வயிறு வந்துவிட்டது. தள்ளுவண்டியில் நிற்கிற படகு, கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சக்களத்தி என்று இனி சொல்லமாட்டேன்.

வாங்க ஒரு ஆள் வந்துவிட்டார். பல் டாக்டர், நல்ல மனிதர். படகை விரல் கணுவால் டொக் டொக் என்று ஒவ்வொரு இடமாகத் தட்டி, இங்கே கூசுதா என்று கேட்காத குறையாகப் பார்த்தார். எல்லாம் பிடித்துப்போயிற்று. கடைசியில், பின்பக்கம் தண்ணீர் வடிகிற ஓட்டைக்கு மூடி எங்கே என்றார். கரையில் நிற்கும்போது திறந்துவிட்டு, தண்ணீரில் இறக்கும் முன் திருகி மூடுவீர்களே, அந்தப் பித்தளை மூடிதான். பஸ்ஸை நிறுத்தினால் சாவியை எடுத்துக்கொள்கிற பழக்கத்தில் அதையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வீர்கள், நானும் துவைக்கும்போதெல்லாம் எடுத்து வைப்பேன். இப்போது பட்டன் டப்பா, மருந்து டப்பா, கட்டிலடி எல்லாம் தேடிவிட்டேன், காணோம். புதிது வாங்கலாம் என்றால் அந்தத் திருகு மரைக்கு எந்தக் கடை மூடியும் பொருந்தவில்லை. டாக்டர், பரவாயில்லை, ஒரு கார்க்கை அடைத்துக்கொள்கிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூடி இல்லாமல் நான் கொடுக்கமாட்டேன், அவர் வரட்டும், கேட்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகையால், மூடி உங்களிடம் இருந்தால் ஒரு கவரில் போட்டு அனுப்பிவையுங்கள். அது வந்த அன்றே படகு கைமாறிவிடும். நீங்கள் கேட்டது அதுதானே.

ஊசியும் நூலுமாக,
உங்கள் தையல்காரி


அன்புள்ள என் கேப்டனுக்கு,

மூடி வரவில்லை. பதிலும் வரவில்லை. தபால்காரரைப் பார்த்துப் பார்த்து, அவரே என் தெருவுக்குள் நுழையக் கூச்சப்படுகிறார்.

நேற்று உங்கள் அக்கா போன் செய்தார்கள். உங்கள்மேல் புகார். தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து எந்நேரமும் இடது கையில் ஏதோ பித்தளைச் சாமானை வைத்து உருட்டிக்கொண்டே இருக்கிறான், விரலில் நிற்காமல் கீழே விழுகிறது, குனிந்து எடுக்கிறான், மறுபடி திருகுகிற மாதிரி உருட்டுகிறான், குழாய்ச் சாமான் உடைந்து வந்துவிட்டதோ, குப்பையில் போடட்டுமா என்று கேட்டதற்கு வீடே அதிரக் கத்திவிட்டான், இத்தனை மாதமாக வாயே திறக்காதவன் என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு, அது என்னம்மா என்று என்னைக் கேட்டார்கள். மருந்துதான் அக்கா, போடாதீங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். யாரோ ஒருத்தியின் பாவாடையில்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவளிடம் சொல்லவில்லை. விற்றுவிடு என்று ஒரு கையால் எழுதிவிட்டு, இன்னொரு கையில் மூடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரை நான் என்னவென்று சொல்வேன்? எனக்கு உங்கள்மேல் கோபமே இல்லை. ஆசைதான் வருகிறது. நீங்கள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு நாள் கழிவது ஒரு மாமாங்கமாக இருக்கிறது. இதைப் போனில் சொன்னால் "ம்" என்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பல் டாக்டரிடம் படகு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஓட்டும்போது ஒருநாள் கூப்பிடுங்கள், கரையில் நின்று பார்க்கிறேன் என்றார். நாலு பேர் பார்ப்பார்கள் என்று எழுதினீர்கள், இதோ ஒருத்தர் ஆயிற்று. வானிலையும் பார்ப்பார். அவர் ஆகாயத்தையே தினமும் பார்த்தும் தப்பாகச் சொல்கிறவர், உங்களைப் பற்றி என்ன சொன்னால் என்ன? மிச்ச ரெண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

படகில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், திட்டாதீர்கள். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை ஒரு கையிலும் சுக்கானை ஒரு கையிலும் வைத்திருப்பீர்கள் இல்லையா? இப்போது கயிற்றுக்கு ஒரு கவ்வி பொருத்தச் சொல்லிவிட்டேன். இழுத்துவிட்டால் அது கடித்துக்கொள்கிறது, மேலே சுண்டினால் விட்டுவிடுகிறது. வலது கை சுக்கானில் இருந்தால் போதும். சுண்டுகிற வேலை முன்பலகையில் உட்காருகிற ஆளுடையது. காற்று பலமானால் உடனே விட வேண்டும் என்று வானிலை சொல்லிக் கொடுத்திருக்கிறார். கரையிலேயே நின்று பழகிக்கொண்டேன், உள்ளங்கையில் காய்த்திருக்கிறது.

முன்னால் யார் என்று கேட்பீர்கள். மிதவைச் சட்டை ஒன்று வாங்கிவிட்டேன். எனக்குத் தொளதொளவென்று இருந்தது, பட்டையை ஒரு பிடி பிடித்துத் தைத்துக்கொண்டேன். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் பார்சல் மாதிரி இருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. தண்ணீரை நினைத்தாலே தொடை நடுங்குகிறது. ஆனால் நீங்கள் இல்லாமல் கரையில் நிற்பதைவிட உங்களோடு நடுங்குவது மேல் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆக எல்லாம் தயார். பாய்க்கு வயிறு இருக்கிறது, பலகை சிக்காமல் இறங்குகிறது, வார்னிஷ் மின்னுகிறது. பின்பக்கத்து ஓட்டை ஒன்றுதான் திறந்து கிடக்கிறது. மூடியைத் தபாலில் அனுப்பாதீர்கள், வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நீங்களே வாருங்கள். வழியெல்லாம் உருட்டிக்கொண்டே வாருங்கள், விழுந்தால் பக்கத்து சீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார். கணுக்கால் தண்ணீரில் நின்று நீங்களே திருகுங்கள். எந்தக் கையால் என்று நான் பார்க்கமாட்டேன். எவ்வளவு நேரமானாலும் படகைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சரியாக இறுகாமல் போனால் போகட்டும். கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், அவ்வளவுதானே. குளியலறை மக்கைக் கையோடு எடுத்து வருகிறேன். நீங்க ஓட்டுங்க, நான் இறைச்சுக்கிறேன்.

வழி பார்த்துக்கொண்டு,
முன்பலகைக்காரி